நாராவுக்கு ஒரு நாள்: எதை முதலில் பார்ப்பது, எதை விட்டுவிடுவது

கேள்வி இதுதான்: கியோத்தோவிலோ ஒசாகாவிலோ தங்கியிருக்கும் ஒரு குடும்பம் ஒரே நாளில் நாராவுக்குப் போய்வர நினைக்கிறது. எந்த ரயிலில் போவது? மான்களைத் தவிர அங்கே பார்க்க என்ன இருக்கிறது? சைவச் சாப்பாடு கிடைக்குமா? அதே நாளில் கியோத்தோவின் ஃபுஷிமி இனாரி ஆலயத்தையும் நாராவுக்கு வெளியே உள்ள ஹோர்யூஜி கோயிலையும் சேர்த்துக்கொள்ளலாமா?

சுருக்கமாகச் சொன்னால், ஒரு நாள் போதும். அரை நாள் போதாது. காலை 8 மணி சுமாருக்கு நாராவில் இறங்கி, பூங்காவைச் சுற்றி ஒரே திசையில் நடந்து, மாலை 5 மணிக்கு ரயிலேறுவது நல்ல திட்டம். மதியம் போய் மானுக்குத் தீனி கொடுத்துவிட்டு, பெரிய புத்தரைக் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள், ரயில் நிலையத்துக்கும் தோடாய்ஜி கோயிலுக்கும் நடுவிலுள்ள ஒன்றரைக் கிலோமீட்டர் நெரிசலை மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். நாராவின் சிறந்த பகுதி அதற்கும் கிழக்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது. கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கூட அங்கே ஏறி வருவதில்லை என்றே சொல்லலாம்.

ஊரின் அமைப்பு புரிந்தால் திட்டம் தானாக அமைந்துவிடும். 710 முதல் 784 வரை நாரா ஜப்பானின் தலைநகரம். அப்போது அதன் பெயர் ஹெய்ஜோ-க்யோ. அரண்மனை ஊரின் வடக்கே நடுவில் இருந்தது. பெரிய கோயில்கள் சில கிழக்கு ஓரத்தில், மலையை ஒட்டி எழுந்தன. 784இல் அரசவை இடம் மாறியபோது கோயில்கள் மாறவில்லை. அரண்மனை இருந்த இடம் வயலானது. கோயில்களைச் சுற்றி ஒரு சிற்றூர் பிழைத்துக்கொண்டது. இன்றைய நாரா அந்தச் சிற்றூரின் தொடர்ச்சி. அதனால்தான் முக்கியமான இடங்கள் எல்லாம் ஊரின் கிழக்குப் பகுதியில், நடந்து பார்க்கும் தூரத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன.

ரயில்

நாராவில் இரண்டு ரயில் நிலையங்கள் உண்டு. கிந்தெட்சு என்ற தனியார் ரயில்வேயின் நிலையம் பூங்காவுக்கு மிக அருகில். மேலே ஏறி வந்து ஐந்து நிமிடம் நடந்தாலே மான்களைப் பார்க்கலாம். ஜே.ஆர். எனப்படும் ஜப்பான் ரயில்வேயின் நிலையம் மேற்கே தள்ளி இருக்கிறது. அங்கிருந்து பூங்காவின் விளிம்புக்கே பதினைந்து, இருபது நிமிட நடை. கையில் ஜே.ஆர். பாஸ் இல்லையென்றால் யோசிக்காமல் கிந்தெட்சுவில் போங்கள்.

கியோத்தோவிலிருந்து கிந்தெட்சு கட்டணம் 760 யென். விரைவு ரயிலில் 45 முதல் 50 நிமிடம் ஆகும். இருக்கை பதிவு செய்யும் சிறப்பு விரைவு ரயில் 35 நிமிடத்தில் போய்விடும்; அதற்குக் கூடுதலாக 520 யென் கொடுத்துத் தனிச்சீட்டு வாங்க வேண்டும். பெரியவர்கள் கூட வந்தால் அது வீண்செலவு அல்ல. ஒசாகாவின் நம்பாவிலிருந்து நேர் ரயில் உண்டு; 40 நிமிடம், 680 யென். கோபேயில் தங்கியிருப்பவர்களுக்கும் சன்னோமியாவிலிருந்து நம்பா வழியாக மாறாமல் வரும் ரயில்கள் ஓடுகின்றன.

கியோத்தோவிலிருந்து வருகிறவர்கள் அதிகமாகத் தடுமாறும் இடம் யமாதோ-சைதாய்ஜி சந்திப்பு. கியோத்தோவில் புறப்படும் கிந்தெட்சு ரயில்கள் எல்லாம் நாராவுக்குப் போவதில்லை. பல ரயில்கள் இந்தச் சந்திப்பில் தெற்கே திரும்பி காஷிஹாராவுக்கோ தென்ரிக்கோ போய்விடும். ஏறும் முன் பலகையில் கடைசி நிலையத்தின் பெயரைப் பாருங்கள். நாரா என்று இல்லையென்றால் சைதாய்ஜியில் இறங்கி மாறுங்கள். அங்கிருந்து நாரா ஐந்து நிமிடம்தான். அந்த ஐந்து நிமிடமும் கைப்பேசியை உள்ளே வைத்துவிடுங்கள். ரயில் பழைய அரண்மனைத் திடலின் நடுவே குறுக்காகப் போகிறது. நாரா நோக்கிப் போகும்போது வலப்பக்கம் 1998இல் மீண்டும் கட்டப்பட்ட சுசாகு வாயில். இடப்பக்கம் தூரத்தில் 2010இல் எழுப்பிய அரியணை மண்டபம். காசு கொடுக்காமல் பார்க்கக் கிடைக்கும் காட்சி.

ஜே.ஆர். பாஸ் இருந்தால் கியோத்தோவிலிருந்து மியாகோஜி விரைவு ரயிலில் 45 நிமிடம். பாஸ் இல்லாதவர்களுக்கு சுமார் 720 யென். அதே தடத்தில் எல்லா நிலையங்களிலும் நின்று போகும் ரயிலும் ஓடும்; அதில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். நடைமேடையில் முதலில் வந்து நிற்பது அதுவாக இருந்தால் அவசரப்பட்டு ஏறாமல் அடுத்ததற்குக் காத்திருங்கள். ஜே.ஆர். நாராவில் இறங்கியதும் நகரச் சுற்றுப் பேருந்து உண்டு. வெளிச்சுற்று 2ஆம் எண், உள்சுற்று 1ஆம் எண். தோடாய்ஜிக்கு 2ஆம் எண்ணில் ஏறுங்கள். 1ஆம் எண்ணும் அங்கே வரும், ஆனால் ஊரைச் சுற்றிக்கொண்டு வரும். எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், சுமார் 250 யென்.

இகோகா, சுய்கா, பாஸ்மோ என்று எந்த ரயில் அட்டை இருந்தாலும் இரண்டு ரயில்வேக்களிலும் பேருந்திலும் செல்லும். ஆனால் கையில் நாணயங்களும் 1000 யென் தாள்களும் வைத்திருங்கள். மான் தீனி விற்பவர்களுக்கும் சிறு கோயில்களின் சீட்டு ஜன்னலுக்கும் ரொக்கம்தான் நம்பகமானது. பெட்டிகளை விடுதியிலேயே விட்டுவிட்டு வாருங்கள். நிலையத்துப் பெட்டகங்கள், அதிலும் பெரிய அளவுள்ளவை, காலையிலேயே நிரம்பிவிடும்.

நடக்கும் வழி

கிந்தெட்சு நிலையம், தோடாய்ஜி, நிகட்சுடோ, கசுகா தைஷா, ஷின்-யகுஷிஜி, நாராமச்சி, சருசவா குளம், மீண்டும் நிலையம். இதே வரிசையில் கடிகாரச் சுற்றாகப் போனால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. மொத்தம் எட்டுக் கிலோமீட்டர் சுமார். நடுவில் ஒரு மேடும் சில படிக்கட்டுகளும் உண்டு. கற்பாதையும் சரளைக்கல்லும் இருப்பதால் பழகிய செருப்போ ஷூவோ போதும். புது ஷூ வேண்டாம்.

வழியில் முதலில் எதிர்ப்படுவது கோஃபுகுஜி. புகைப்படங்களில் நாரா என்றதும் வரும் ஐந்தடுக்குக் கோபுரம் இங்கேதான் இருக்கிறது. 1426இல் கட்டியது, 50 மீட்டர் உயரம். இப்போது பெரிய திருப்பணி நடப்பதால் சாரம் கட்டி முழுக்க மூடியிருக்கிறார்கள், 2030களில்தான் திறப்பார்கள். இதை அறியாமல் வந்து மனம் சலிக்கிறவர்கள் நிறைய. காலையில் இங்கே நிற்காமல் நேரே தோடாய்ஜிக்குப் போங்கள். கோஃபுகுஜியின் அருங்காட்சியகத்துக்கு மாலையில் நேரம் இருந்தால் வரலாம். 734இல் செய்த அசுரர் சிலை அங்கே இருக்கிறது: மூன்று முகம், ஆறு கை, கவலை படிந்த இளைஞனின் முகம். களிமண் கருவின் மேல் துணியை அரக்குப் பாலில் தோய்த்து அடுக்கி, காய்ந்தபின் களிமண்ணை வெளியே எடுத்துவிடும் முறையில் செய்ததால் உள்ளே வெற்றிடம். எடை 15 கிலோ அளவுதான். கோயில் பலமுறை எரிந்தபோதும் அதைத் தூக்கிக்கொண்டு ஓட முடிந்ததால்தான் இன்றும் இருக்கிறது.

தோடாய்ஜியின் புத்தர் மண்டபம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காலை 7:30க்கும், நவம்பர் முதல் மார்ச் வரை 8 மணிக்கும் திறக்கிறது. கட்டணம் பெரியவர்களுக்கு 800 யென், பள்ளிச் சிறுவர்களுக்கு 400. பள்ளி மாணவர் கூட்டமும் சுற்றுலாப் பேருந்துகளும் 10 மணிக்குமேல் வரத் தொடங்கி மதியம் 2 மணிவரை ஓயாது. ஆகவே 9 மணிக்குள் உள்ளே நுழைந்துவிட வேண்டும். இந்த ஒன்றைச் செய்தால் நாள் முழுக்க நன்றாக அமையும்.

முதலில் நந்தாய்மோன் என்னும் பெரிய தெற்கு வாயில். 1199இல் கட்டியது, 25 மீட்டர் உயரம். கூரையைத் தாங்கும் கட்டைகள் தூண்களைத் துளைத்துக்கொண்டு அடுக்கடுக்காக வெளியே வருவதை உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். இரண்டு பக்கமும் 8 மீட்டருக்கும் மேல் உயரமான மரத் துவாரபாலகர்கள். உன்கெய், கைகெய் என்ற சிற்பிகளும் அவர்கள் குழுவும் 1203இல் 69 நாட்களில் முடித்தவை. வெளிச்சம் குறைவாக இருப்பதாலும், கீழே மான்கள் கவனத்தை இழுப்பதாலும் பாதிப் பேர் இவற்றைப் பார்க்காமலே கடந்துவிடுகிறார்கள்.

மண்டபத்தின் முன் முற்றத்தில் எண்கோண வெண்கல விளக்கு ஒன்று நிற்கிறது. அதையும் பலர் சுற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அது எட்டாம் நூற்றாண்டிலிருந்து அதே இடத்தில் நிற்கும் அசல். பின்னால் தெரியும் மாபெரும் மண்டபமோ 1180இலும் 1567இலும் போரில் எரிந்து, 1709இல் மூன்றாம் முறையாக முடிக்கப்பட்டது. பணமும் பெரிய மரமும் கிடைக்காததால் அகலத்தை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துக் கட்டினார்கள். அப்படியும் 57 மீட்டர் அகலம். உள்ளே தூண்களைக் கவனித்தால் இரும்புப் பட்டைகள் தெரியும். ஒரே மரத்தில் அவ்வளவு பெரிய தூண் செய்ய வழியில்லாமல், நடுமரத்தைச் சுற்றிப் பலகைகளைச் சேர்த்து இரும்பு வளையத்தால் இறுக்கியிருக்கிறார்கள்.

புத்தர் உட்கார்ந்த நிலையில் 15 மீட்டர். இன்று நாம் பார்ப்பது ஒரே காலத்துச் சிலை அல்ல. தலை 1690ஆம் ஆண்டு வார்ப்பு. உடலின் பல பகுதிகள் இடைக்காலத்தில் செப்பனிட்டவை. பீடத்துத் தாமரை இதழ்களில் சில எட்டாம் நூற்றாண்டின் அசல். அந்த இதழ்களில் கோடுகளாகச் செதுக்கிய புத்த உலகங்களின் படத்தைத் தெளிவாகக் காட்டும் நகல் ஒன்று உள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது.

தமிழ் வாசகர்கள் இங்கே கட்டாயம் அறியவேண்டிய ஒருவர் உண்டு. 752இல் இந்தப் புத்தருக்குக் கண் திறந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. ஜப்பானியக் கல்வெட்டுவாசகம் அவரைத் தென்னிந்தியப் பிராமணத் துறவி என்கிறது. சம்பா (இன்றைய வியட்நாமில் இருந்த) நாட்டுத் துறவி ஒருவருடன் 736இல் கடல்வழியாக வந்தார். புத்தருக்காக ஊர் ஊராகப் பொருள் திரட்டிய கியோகி அவரைத் துறைமுகத்தில் எதிர்கொண்டார். கிந்தெட்சு நிலைய வாசலில் நீரூற்றின் மேல் நிற்கும் சிலை அந்தக் கியோகிதான். கண் திறந்த தூரிகையில் நீண்ட கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தோர் அதைப் பற்றிக்கொண்டு புண்ணியத்தில் பங்குபெற்றார்கள். அந்தத் தூரிகையும் நீலக் கயிறும் இன்றும் ஷோசோயின் கருவூலத்தில் இருக்கின்றன. 1180இல் எரிந்த சிலையைப் புதுப்பித்து 1185இல் மீண்டும் கண் திறந்தபோது அதே தூரிகையையே வெளியே எடுத்தார்கள். போதிசேனர் நாராவிலேயே வாழ்ந்து 760இல் மறைந்தார்.

மண்டபத்துக்குள் படம் எடுக்கலாம், முக்காலி கூடாது. வெளியே வந்து மண்டபத்தைப் பார்த்து நின்றால் வலப்புறம் சிவப்புத் துணி போர்த்திய மரச்சிலை ஒன்று இருக்கும். புத்தரின் சீடர் பிண்டோலர் அவர். உடம்பில் நோவுள்ள இடத்தை அந்தச் சிலையில் தொட்டுவிட்டுத் தன் உடம்பில் தொட்டுக்கொள்வது ஊர் வழக்கம்.

மேட்டுக்கு ஏறுங்கள்

மண்டபத்திலிருந்து கிழக்கே பத்து நிமிடம் ஏறினால் நிகட்சுடோ. கல்படிகள் உண்டு. மரத்தாலான முன்மாடத்தில் நின்றால் புத்தர் மண்டபத்தின் கூரையும் நாரா சமவெளி முழுதும் காலடியில் விரியும். கட்டணம் இல்லை, எந்நேரமும் திறந்திருக்கும். பக்கத்தில் இலவசமாகத் தேநீர் ஊற்றிக் குடிக்கும் ஓய்வறை இருக்கிறது. குடித்த கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வாருங்கள். மார்ச் 1 முதல் 14 வரை இரவில் இந்த மாடத்தில் பெரிய தீப்பந்தங்களை ஏந்தி ஓடும் ஒமிசுதோரி விழா 752 முதல் ஓராண்டும் தவறாமல் நடக்கிறது. அந்த நாட்களில் வந்தால் மாலைவரை இருந்து பார்த்துவிட்டு இரவு ரயிலில் திரும்பலாம். 12ஆம் தேதி மட்டும் வேண்டாம். அன்று கூட்டத்தைக் கட்டுப்படுத்துவார்கள், அருகில் நிற்கக்கூட இடம் கிடைக்காது.

நிகட்சுடோவின் கீழே ஹொக்கேடோ. சிலைகளைப் பார்க்க ஒரே ஒரு கூடுதல் கட்டணம் செலவழிப்பதென்றால் அதை இங்கே செலவழியுங்கள். சிறிய, இருண்ட மண்டபம். நடுவில் எட்டுக் கைகளோடு அமோகபாச அவலோகிதர். சுற்றிலும் பிரம்மா, இந்திரன், நான்கு திசைக் காவலர்கள். எல்லாம் எட்டாம் நூற்றாண்டு. எதிரே பாயில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். படம் எடுக்கக் கூடாது. கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் ஆகும், அதுவரை எழுந்துவிடாதீர்கள்.

அங்கிருந்து தெற்கே, புல் மூடிய வகாகுசா குன்றின் அடிவாரத்தில் கடைகள் வரிசையாக உள்ள பாதை கசுகா தைஷாவுக்குப் போகிறது. 25 நிமிடம். 768இல் தோன்றிய ஷிண்டோ ஆலயம். பக்தர்கள் நேர்ந்து வைத்த கல்விளக்கும் வெண்கல விளக்குமாகச் சுமார் மூவாயிரம். வெளிப்பிராகாரத்துக்குக் கட்டணம் இல்லை. உள்ளே போக 700 யென் சுமார். உள்ளே ஓர் அறையை இருட்டாக்கி விளக்குகளை ஏற்றி வைத்திருக்கிறார்கள். மற்றபடி எல்லா விளக்குகளையும் ஏற்றுவது பிப்ரவரி 3 (சில ஆண்டுகளில் 2), ஆகஸ்ட் 14, 15 ஆகிய நாட்களில்தான். உள்ளே சேவை மாலை 4 மணிக்கே முடிந்துவிடும் என்பதால் இதை நாளின் கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

கசுகாவிலிருந்து பெரும்பாலோர் வந்த வழியே இறங்கிவிடுவார்கள். நீங்கள் தென்மேற்கே காட்டுப்பாதையில் திரும்புங்கள். கிசுகிசுப் பாதை என்று பெயர். இருபுறமும் அசெபி என்ற புதர்மரங்கள் கூடாரமாக வளைந்திருக்கும். இலையில் நஞ்சு இருப்பதால் மான் இதைத் தின்பதில்லை. மற்ற செடிகளின் கன்றுகளை மான்கள் மேய்ந்துவிட, இது மட்டும் தழைத்துக் காடாகிவிட்டது. மார்ச்சில் வெள்ளைப் பூ கொத்துக்கொத்தாகத் தொங்கும். இதே காரணத்தால் பூங்கா மரங்களின் கீழ்க்கிளைகள் எல்லாம் ஏறத்தாழ ஆளுயரத்தில் ஒரே மட்டத்தில் வெட்டியதுபோல் இருக்கும். மான் வாய் எட்டும் உயரம் அது.

பாதை முடியும் குடியிருப்புத் தெருவிலிருந்து சிறிது நடந்தால் ஷின்-யகுஷிஜி, கட்டணம் 600 யென். எட்டாம் நூற்றாண்டு மண்டபம் ஒன்று அப்படியே நிற்கிறது. உள்ளே வட்டமேடையில் மருத்துவ புத்தர். அவரைச் சுற்றி வெளிப்புறம் பார்த்தபடி ஆளுயரத்தில் பன்னிரண்டு யட்சத் தளபதிகள், களிமண்ணில். அவர்களில் ஒருவர் மட்டும் 20ஆம் நூற்றாண்டில் மாற்றி வைத்த சிலை. மற்ற பதினொன்றும் பழையவை. வாய் திறந்து கத்துகிறவர், மயிர் சிலிர்த்து நிற்பவர் என்று ஒவ்வொரு முகமும் வேறு. கூட்டமே இருக்காது. இவ்வளவு அரிய சிலைகளை இவ்வளவு நெருக்கத்தில், அமைதியாகப் பார்க்கும் வாய்ப்பு ஜப்பானில் அதிகம் இல்லை. கால் வலிக்கிறது என்று எதையாவது விடவேண்டி வந்தால் கடைவீதியை விடுங்கள், இதை விடாதீர்கள்.

அங்கிருந்து மேற்கே இருபத்தைந்து நிமிடம் இறங்கினால் நாராமச்சி, பழைய வணிகர் தெருக்கள். மரச்சட்ட முகப்புள்ள குறுகிய நீண்ட வீடுகள். வாசலில் தொங்கும் சிவப்புத் துணிக்குரங்குகள் வீட்டாருக்கு வரும் தீங்கைத் தாங்கள் வாங்கிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. அப்படியொரு வீட்டை உள்ளே போய்ப் பார்க்க, கோஷி-நோ-இயே என்ற இல்லம் இலவசமாகத் திறந்திருக்கும், திங்கள் விடுமுறை.

மான்கள்

பூங்காவில் ஆயிரத்து முந்நூறுக்கும் மேல் மான்கள் இருக்கின்றன. இவை வளர்ப்பு மிருகங்கள் அல்ல. யாருக்கும் சொந்தமில்லாத காட்டு மான்கள். கசுகாவின் தெய்வம் வெள்ளை மான்மேல் வந்ததாக ஐதீகம் இருப்பதால் நூற்றாண்டுகளாகக் காக்கப்பட்டவை. இரண்டாம் உலகப்போரின் முடிவில் 79தான் எஞ்சியிருந்தன. 1957 முதல் அரசின் பாதுகாப்பில் உள்ளன.

கொடுக்கக்கூடிய தீனி ஒன்றே ஒன்று: ஷிகா செம்பெய் என்ற தவிட்டு வட்டு, கட்டு 200 யென். அரிசித் தவிடும் மாவும் மட்டும், சர்க்கரையோ உப்போ கிடையாது. கட்டியிருக்கும் காகிதப் பட்டைகூட மான் தின்றாலும் கெடுதி செய்யாதபடி செய்தது. வாங்கியதும் அங்கேயே நிற்காமல் கூட்டம் குறைந்த இடத்துக்கு நகருங்கள். ஒரு வட்டை எடுத்துக் காட்டினால் மான் தலை குனியும், உடனே கொடுத்துவிடுங்கள். படம் எடுப்பதற்காகக் கையை உயர்த்தி இழுத்தடிக்கும்போதுதான் தொடையிலும் இடுப்பிலும் கடிபடுகிறது. தீர்ந்ததும் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுங்கள், புரிந்துகொண்டு விலகிவிடும். சிறு குழந்தை கையில் முழுக்கட்டைக் கொடுக்கக் கூடாது. ஒவ்வொன்றாக நீங்கள் எடுத்துக் கொடுங்கள்.

வரைபடம், ரயில்சீட்டு, பை ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் மான் இழுத்துத் தின்னும். பிளாஸ்டிக் வயிற்றில் சேர்ந்து மான்கள் சாவது இங்கே உண்மையான துயரம். பூங்காவில் குப்பைத்தொட்டி கிடைப்பது அரிது. ஆகவே குப்பைக்கென்று ஒரு பை கொண்டுபோய் அதிலேயே போட்டுக்கொண்டு திரும்புங்கள். முறுக்கு, பிஸ்கட், வாழைப்பழம் எதுவும் கொடுக்காதீர்கள்.

மே முதல் ஜூலை வரை குட்டிபோட்ட தாய்மான்கள் பாய்ந்து முட்டும். குட்டி தனியாகப் புல்லில் படுத்திருந்தாலும் தாய் பார்த்துக்கொண்டுதான் இருக்கும், அருகில் போகாதீர்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஆண்மான்கள் மதம் கொண்ட பருவம்; கொம்புள்ளவற்றை விட்டு விலகி நடங்கள். அக்டோபரில் கொம்பு வெட்டும் சடங்கு 1672 முதல் இருந்துவருகிறது.

சாப்பாடு

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நாராவின் தனிச்சுவை, உப்பிட்ட கானாங்கெளுத்தியையும் சோற்றையும் காக்கி என்ற பழமரத்தின் இலையில் சுற்றி அழுத்திய சுஷி. பெட்டியாக வாங்கிப் பூங்காவில் சாப்பிடலாம், மான் இல்லாத இடமாகப் பார்த்து.

சைவர்களுக்கு உண்மையான சிக்கல் இறைச்சி அல்ல, தாஷி என்ற குழம்புநீர். தூத்துக்குடிப் பக்கம் மாசி என்கிற காய்ந்த சூரை மீனைப் போன்ற ஒன்றைச் சீவிக் கொதிக்கவைத்து எடுப்பது. நூடுல்ஸ் குழம்பு, தொட்டுக்கொள்ளும் சாறு, வேகவைத்த காய்கறி, இனிப்பாக இருக்கும் பொரித்த தோஃபு சுஷி எல்லாவற்றிலும் இது இருக்கும். நாராவுக்குப் பக்கத்து மிவாவின் மெல்லிய சோமென் சேமியா புகழ்பெற்றது. சேமியா சைவம், தொடும் சாறு சைவம் அல்ல. கடைக்காரர் "காய்கறி மட்டும்" என்று நல்ல மனதோடு சொல்வார். தாஷி அவர் கணக்கில் மீன் ஆகாது. "இறைச்சியும் மீனும் சாப்பிடமாட்டோம், மீன் தாஷியும் ஆகாது" என்று ஜப்பானிய எழுத்தில் கைப்பேசியில் எழுதிவைத்துக் காட்டுங்கள். கண்டிப்பான சைவக் குடும்பம் புளியோதரையோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு வருவதே நிம்மதி. ரயில் நிலையத்தருகே இந்திய உணவகம் தேடினால் கிடைக்கும். ஆனால் மதியத்தில் நீங்கள் இருப்பது அங்கிருந்து அரைமணி நடை தூரத்துக் காட்டோரம் என்பதை மறக்காதீர்கள்.

சருசவா குளத்தருகே நகாதானிடோ கடையில் மோச்சி இடிப்பதைப் பார்க்கலாம். மாச்சிப்பத்திரி இனத்து இலை சேர்த்து இடித்த அரிசிமாவு, உள்ளே சிவப்புப் பயறுப் பூரணம், மேலே சோயாப் பொடி. சைவம்தான். சூடாக இருக்கும்போது மிகவும் ஒட்டும், தொண்டையில் அடைக்கும். குழந்தைக்கும் முதியவர்க்கும் சிறிது சிறிதாகப் பிய்த்துக் கொடுங்கள்.

எதை விடுவது

ஹோர்யூஜியை இதே நாளில் சேர்க்காதீர்கள். உலகின் மிகப் பழைய மரக்கட்டடங்கள் அங்கே நிற்கின்றன. அதற்கே மூன்று மணி நேரம் வேண்டும். ஜே.ஆர். நாராவிலிருந்து 12 நிமிட ரயில், பிறகு இருபது நிமிட நடை என்று போகவர நேரம் வேறு. இன்னொரு நாள் கிடைத்தால் காலையில் ஹோர்யூஜி, மதியம் நிஷினோக்யோ நிலையத்தருகே யகுஷிஜி, தோஷோதாய்ஜி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபுஷிமி இனாரி வேறு விஷயம். இரவும் பகலும் திறந்திருக்கும் ஆலயம் அது. ஜே.ஆரில் திரும்புகிறவர்கள் தெம்பு இருந்தால் இருட்டும் வேளையில் இறங்கிக்கொள்ளலாம். மியாகோஜி விரைவு ரயில் இனாரியில் நிற்காது. ஊஜியில் இறங்கி, எல்லா நிலையத்திலும் நிற்கும் ரயிலுக்கு மாறுங்கள்.

தோட்டம் பிடித்தவர்கள் தோடாய்ஜியிலிருந்து ஹொக்கேடோவுக்கு ஏறுவதற்குப் பதில் இசுயென் போகலாம். நந்தாய்மோனின் கூரையும் பின்னாலுள்ள குன்றும் தோட்டத்தின் பகுதியாகவே தெரியும்படி அமைத்திருக்கிறார்கள். செவ்வாய் விடுமுறை. அடுத்திருக்கும் யோஷிகியென் சிறியது, பாசித்தோட்டம் அழகு. அக்டோபர் இறுதியிலும் நவம்பர் தொடக்கத்திலும் நாரா தேசிய அருங்காட்சியகத்தில் ஷோசோயின் பொருட்காட்சி நடக்கும். 756இல் பேரரசி கோம்யோ காணிக்கையாக்கிய செல்வங்களில் ஒரு பகுதியை அப்போதுதான் காட்டுவார்கள். நேரம் குறித்த முன்பதிவுச் சீட்டு இல்லாமல் வந்து நிற்காதீர்கள். அந்த வாரங்களில் ஊரே நிரம்பியிருக்கும்.

மழை பிடித்துக்கொண்டால் கிசுகிசுப் பாதை சேறாகும். கசுகாவிலிருந்து பேருந்தில் இறங்கி, கோஃபுகுஜி அருங்காட்சியகத்துக்கும் நாராமச்சிக்கும் போய்விடுங்கள். முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கும் இதே ஏற்பாடு பொருந்தும். கசுகா ஆலய வாசல்வரையே பேருந்து வருகிறது. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 பாகை தொடும், ஈரப்புழுக்கமும் அதிகம். மேட்டை 10 மணிக்கு முன்னால் முடித்துவிடுங்கள். டிசம்பரில் 5 மணிக்கு முன்பே இருட்டிவிடும், கோயில்கள் அதற்கும் முன் மூடும்.

செலவுக் கணக்கு: கியோத்தோவிலிருந்து கிந்தெட்சு விரைவு ரயிலில் போகவர 1520 யென், தோடாய்ஜி 800, ஹொக்கேடோவுக்கும் ஏறத்தாழ அவ்வளவே, கசுகா 700, ஷின்-யகுஷிஜி 600. சாப்பாடு, மான் தீனி சேர்த்து ஒருவருக்கு ஆறாயிரத்து ஐந்நூறு யென் வைத்துக்கொண்டால் தட்டுப்பாடு வராது. கோயில் கட்டணங்கள் அண்மை ஆண்டுகளில் ஏறிக்கொண்டே வருவதால் ஒவ்வொன்றுக்கும் நூறு, இருநூறு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது கிந்தெட்சு நாரா தொடக்க நிலையம் என்பதால் ஒரு ரயிலை விட்டு அடுத்ததற்கு வரிசையில் முன்னால் நின்றால் உட்கார இடம் கிடைக்கும். கியோத்தோவுக்கு நேர் ரயில் உடனே இல்லையென்றால் ஒசாகா போகும் எதில் வேண்டுமானாலும் ஏறிச் சைதாய்ஜியில் மாறிக்கொள்ளலாம்.